20 நிமிடப் பேச்சுக்கு 42 ஸ்லைடு: எதை வெட்டுவது?

கரைமேகம்:

வணக்கம். அடுத்த வியாழக்கிழமை எங்கள் நிர்வாகக் குழு முன்னால் 20 நிமிடம் பேச வேண்டும். நான் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குளிர்நீர் பம்புகள் திடீர் திடீரென்று நின்றுவிடுகின்றன. அதிர்வை அளக்கும் சென்சார் பொருத்தினால் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) தேய ஆரம்பித்ததுமே தெரிந்துவிடும். ஆறு பம்புகளுக்கும் பொருத்த அனுமதி கேட்கப் போகிறேன்.

ஒரு வருஷப் பதிவேட்டை இரவெல்லாம் உட்கார்ந்து தொகுத்ததால் எதையும் விட மனசு வரவில்லை. 42 ஸ்லைடு ஆகிவிட்டது. நேற்று சத்தமாகப் பேசிப் பார்த்தேன். 20 நிமிடம் முடிந்தபோது 17-வது ஸ்லைடில் நிற்கிறேன்.

முக்கியமான ஸ்லைடு ஒன்றை அப்படியே தருகிறேன்:

பராமரிப்பு நிலவரம்
• மொத்தப் பம்புகள்: 6
• சென்ற ஆண்டு திட்டமிடாத நிறுத்தங்கள்: 11
• பேரிங் பழுது: 8
• சீல் கசிவு: 2
• மின்கோளாறு: 1
• பெரும்பாலான பேரிங் பழுதுகள் பம்ப் 3, பம்ப் 4
• பழுதுநீக்கச் சராசரி நேரம்: 9 மணி
• தற்போதைய ஆய்வு முறை: மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்தல்

வலது ஓரத்தில் ஒரு பை சார்ட், அதற்குக் கீழே பம்பின் புகைப்படம். டெம்ப்ளேட்டை மாற்றினால் கொஞ்சம் எடுப்பாக இருக்குமா? எதை வெட்டலாம், சொல்லுங்கள்.

பழையபலகை:

டெம்ப்ளேட் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். லேப்டாப்பையும் மூடி வையுங்கள். ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு வராத ஒருவர், வந்தவரிடம் "பராமரிப்புக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்கிறார். வந்தவர் ஒரே மூச்சில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதுங்கள். "பம்பு பராமரிப்பைப் பற்றிப் பேசினார்" என்று எழுதினால் அது வெறும் பொருள்தான், நீங்கள் சொல்ல வந்த செய்தி அதில் இல்லை. ஆளும் வேலையும் எண்ணும் அதற்குள் வர வேண்டும். இந்த ஒரு வரிக்கு எனக்கே பல சமயம் அரை நாள் ஆகும். ஆனால் அது கிடைத்துவிட்டால் மிச்ச வேலை தானாக நகரும், ஏனென்றால் வெட்டுவதற்கு ஓர் அளவுகோல் கைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு ஸ்லைடையும் எடுத்து "இது இல்லாவிட்டால் அந்த வரியை நம்ப மாட்டார்களா?" என்று கேளுங்கள். நம்புவார்கள் என்றால் அந்த ஸ்லைடு வெளியே.

அப்புறம் சின்னச் சின்ன ஒட்டுத்தாள்களில், ஒரு தாளுக்கு ஒரு வாக்கியம் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும். "பழுது விவரம்" போதாது, "பழுதில் பெரும்பகுதி இரண்டே பம்புகளில்தான்" என்று இருக்கட்டும். இடதிலிருந்து வலமாக வாசித்தால் ஒரு பத்தி போல ஓட வேண்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு தாள் குறைகிறது அல்லது கூடுதலாக இருக்கிறது. இந்த வாக்கியங்கள்தான் பிறகு உங்கள் ஸ்லைடுகளின் தலைப்புகள். தலைப்பில் முடிவைச் சொல்லி, அதற்குக் கீழே அதை நிரூபிக்கும் படமோ வரைபடமோ வைப்பது என்ற இந்த முறையைப் பொறியாளர்களுக்காக வகுத்துப் பரப்பியவர் மைக்கேல் ஆலி. தொழில்நுட்பப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை.

மூன்றாம்வரிசை:

நான் மேசையின் அந்தப் பக்கத்து ஆள். வாரத்துக்கு நாலு பிரசன்டேஷனாவது பார்த்து முடிவு சொல்ல வேண்டிய வேலை. உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஸ்லைடு வந்ததும் கண் தானாகத் திரைக்குப் போய்விடும். நீங்கள் முதல் புல்லட்டை விளக்கும்போது நான் ஐந்தாவதில் இருப்பேன். எட்டாவதைப் படித்து முடித்ததும் "சரி, தெரிந்துவிட்டது" என்று மனசு வேறெங்கோ போய்விடும். நீங்களோ இன்னும் மூன்றாவதில் நிற்பீர்கள். அந்தச் சமயத்தில் உங்கள் குரல் எனக்கு இரைச்சல்தான். வேண்டுமென்று அப்படிச் செய்வதில்லை. படிப்பதும் கேட்பதும் இரண்டுமே மொழி, இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே வாங்க முடிவதில்லை. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளரின் சோதனைகளிலும் இதுதான் தெரிந்தது. அசையும் படத்தைக் குரல் விளக்கத்தோடு பார்த்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதே விளக்கத்தைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்துக் காட்டியபோது புரிதல் குறைந்தது.

இன்னொன்று. உங்கள் கோரிக்கை எத்தனையாவது ஸ்லைடில் வருகிறது? 41-வதில் என்று ஊகிக்கிறேன். இரண்டாவதில் வையுங்கள். என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு வரும் ஒவ்வோர் எண்ணையும் "இது போதுமான காரணமா?" என்று எடைபோடுவேன். தெரியாவிட்டால், இதெல்லாம் எதற்கு என்ற யோசனையிலேயே நேரம் போய்விடும்.

உங்கள் ஸ்லைடில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கிறது. 9 மணி நேரச் சராசரி எல்லாப் பழுதுகளுக்குமா, பேரிங்குக்கு மட்டுமா? நான் அந்த அறையில் இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன்.

கரைமேகம்:

கோரிக்கை 40-வது ஸ்லைடில் இருந்தது. சராசரி எல்லாவற்றுக்கும் சேர்த்து. பதிவேட்டைத் திரும்பப் பார்த்தேன். 11 நிறுத்தங்களிலும் சேர்ந்து 99 மணி நேரம். அதில் பேரிங் 84 மணி, சீல் 12 மணி, மின்கோளாறு 3 மணி. ஆக பேரிங் பழுது ஒவ்வொன்றும் சராசரியாகப் பத்தரை மணி. இவ்வளவு நாளாக என் கணக்கில் என் வலுவான எண்ணே ஒளிந்து கிடந்திருக்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி. எண்கள் எல்லாம் சரியாக ஸ்லைடில் இருந்தால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமா? குழுவில் இருப்பவர்கள் படித்தவர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பழையபலகை:

இதற்கு ஒரு துயரமான பதில் இருக்கிறது. ஸ்லைடு போடும் ஒவ்வொரு பொறியாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2003 ஜனவரி 16-ல் கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய 82-வது வினாடியில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் வெப்பக் காப்பு ஓடு துளைபடும் கணிப்பு உண்மையைவிடக் கூட்டியே சொல்கிறது என்ற தொனியில் இருந்தது. படிப்பவருக்குக் கவலைப்பட வேண்டாம் என்றுதான் தோன்றும். அதன் கீழே புல்லட், அதற்கு உள்ளே சின்னப் புல்லட், அதற்கும் உள்ளே இன்னொன்று. அடிமட்டத்தில், மிகச் சிறிய எழுத்தில் இருந்த விஷயம் இது: சோதனையில் பயன்படுத்திய துண்டின் கன அளவு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாகக் கணித்த துண்டு 1920 கன அங்குலம்.

640 மடங்கு! அதாவது அந்தச் சோதனைகளை வைத்து எதையும் சொல்லவே முடியாது. அந்த எண் ஸ்லைடில் இருந்தது, மறைக்கப்படவில்லை, தப்பாகவும் இல்லை. கடைசி வரியில் இருந்தது, அவ்வளவுதான். பிப்ரவரி 1-ல் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதைந்து ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல, ஒரு ஸ்லைடின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தகவல் வடிவமைப்பு நிபுணர் எட்வர்ட் டஃப்டி அலசியதை எடுத்துச் சேர்த்தது. தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடுகளை வைத்தே வேலையை முடிக்கும் பழக்கத்தையும் கண்டித்தது.

ஆகவே இடம் முக்கியம். உங்கள் 84 மணி நேரம் ஏழாவது புல்லட்டின் சராசரிக்குள் புதைந்திருந்ததை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

வெண்சுவடு:

எல்லாரும் எழுத்தைக் குறையுங்கள் என்கிறீர்கள். நான் வேறு பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரு காது கேட்காது, இன்னொன்று பாதிதான். பெரிய கூடங்களில் பேசுகிறவர் திரையைப் பார்த்துத் திரும்பினால் உதட்டசைவும் போய்விடும். அப்போது ஸ்லைடில் இருக்கும் எழுத்துதான் எனக்கு மிச்சம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஒருவர் 30 ஸ்லைடிலும் வெறும் படங்கள் மட்டும் காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. பேசப்படும் மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் இதே நிலைதான். கூட்டத்துக்கு வராமல் பிறகு ஃபைலைத் திறந்து பார்ப்பவர்களைப் பற்றியும் யோசியுங்கள். ஸ்லைடில் ஒரு படமும் மூன்று சொல்லும் இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

மூன்றாம்வரிசை:

நீங்கள் சொன்னதை மறுக்க முடியாது. ஆனால் இங்கே மூன்று வேலைகளை ஒரே ஃபைலின் தலையில் கட்டுகிறோம் என்று நினைக்கிறேன். பேசும்போது பார்ப்பதற்கு ஸ்லைடு. பேசுகிறவர் மறக்காமல் இருக்கக் குறிப்பு. எடுத்துப் போய்ப் படிக்க ஒரு தாள். மூன்றையும் ஸ்லைடிலேயே ஏற்றுவதால்தான் எட்டு புல்லட் வருகிறது. குறிப்பு, ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் நோட்ஸ் பகுதிக்குப் போகட்டும். அது பேசுகிறவரின் திரையில் மட்டும் தெரியும். படிக்க வேண்டிய தாளை ஒழுங்கான வாக்கியங்களில் இரண்டு பக்கம் எழுதுங்கள்.

அமேசானில் 2004-ல் ஜெஃப் பெசோஸ் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்டையே நிறுத்திவிட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு வேண்டும் என்றார். பின்னாளில் அது ஆறு பக்கம் என்று நிலைத்தது. கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லாரும் அமைதியாக உட்கார்ந்து அதைப் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. எல்லா இடத்திலும் இது நடக்காது. ஆனால் படிப்பதற்கு ஒரு நேரம், கேட்பதற்கு ஒரு நேரம் என்று பிரித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

வெண்சுவடு:

அந்தத் தாள் பேச்சுக்கு முன்னாடியே கைக்கு வந்தால் என் குறை பாதி தீர்ந்துவிடும். தலைப்பை முழு வாக்கியமாக வைக்கச் சொன்னாரே பழையபலகை, அதுவும் என் போன்றவர்களுக்குப் பெரிய உதவி, பேச்சின் முதுகெலும்பு திரையிலேயே இருக்கிறது. பேசுவதை அப்படியே கீழே எழுத்தாக ஓடவிடும் வசதி புதிய பவர்பாயின்டில் இருக்கிறது, அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள். கரைமேகம், தயவுசெய்து திரையைப் பார்த்துப் பேசாதீர்கள். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்துக்கூடு:

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. ஊகிக்கவே வேண்டாம், அளந்துவிடலாம்.

கூடத்தில் திரையின் உயரத்தையும், கடைசி நாற்காலிக்கும் திரைக்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். திரை ஒன்றரை மீட்டர் உயரம், கடைசி நாற்காலி 9 மீட்டர் தள்ளி என்றால் தூரம் உயரத்தைப் போல் ஆறு மடங்கு. இப்போது உங்கள் லேப்டாப்பில் ஸ்லைடை முழுத்திரையில் வையுங்கள். படம் 18 செ.மீ. உயரம் என்றால் ஆறு மடங்கு 108 செ.மீ. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போய் நில்லுங்கள். கடைசி வரிசைக்காரர் கண்ணுக்கு எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, உங்களுக்கும் சரியாக அவ்வளவே தெரியும். அங்கே நின்று சிரமமில்லாமல் படிக்க முடியாத எதையும் எடுத்துவிடுங்கள் அல்லது பெரிதாக்குங்கள்.

ஸ்லைடின் உயரம் வழக்கமாக ஏழரை அங்குலம், அதாவது 540 பாயின்ட். 12 பாயின்ட் எழுத்து அதில் 45-ல் ஒரு பங்கு. மேலே சொன்ன கூடத்தில் அது 3.3 செ.மீ., மேல் கீழ் நீட்சிகளுக்கான இடம் போக எழுத்தின் உடல் ஒன்றரை செ.மீ. அளவில்தான் இருக்கும். 9 மீட்டரிலிருந்து பார்த்தால், கண் மருத்துவரின் பலகையில் முழுப் பார்வை உள்ளவர் வாசிக்கும் கடைசி வரியின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அப்படிக் கண்ணைச் சுருக்கி 20 நிமிடம் யார் பார்ப்பார்கள்? தொழில்முனைவோருக்கு எழுதும் கை கவாசாகி (Guy Kawasaki) 30 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள் என்று சொன்னது நியாயமான எல்லை.

தமிழில் போடுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் எழுத்துகளில் மேலே 'ி', 'ீ' வளைவு, கீழே 'ு', 'ூ' சுழி என்று இரண்டு பக்கமும் நீட்சி உண்டு. ஆங்கிலத்துக்கு என்று வைத்த வரி இடைவெளியில் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். தடித்த எழுத்தில் ண, ஞ, ஊ போன்றவற்றின் உட்சுழி அடைபட்டுப்போகும், தூரத்திலிருந்து ன-வா ண-வா தெரியாது. அதனால் நான் அழுத்தம் கொடுக்கத் தடிப்புக்குப் பதில் நிறத்தையோ அளவையோ பயன்படுத்துகிறேன். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டவே ஒட்டாது.

பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் உடனே யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழு ஸ்லைடும் ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்து நிற்கும். ஒரு நண்பருக்கு மேடையில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன், மூன்று நாள் உழைப்பு. யுனிகோடிலும் நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் போல எளிதில் கிடைப்பதை வையுங்கள். சேமிக்கும்போது எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பதித்துவிடலாம், பிடிஎஃப் பிரதி ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும்.

கரைமேகம்:

இரண்டு நாள் சுவரோடு சுவராக இருந்தேன். வாக்கியம் கிடைத்துவிட்டது:

"பம்ப் 3, 4 இரண்டிலும் அதிர்வு சென்சார் பொருத்த அனுமதி வேண்டும், சென்ற ஆண்டு இழந்த 99 மணி நேரத்தில் 84 மணி பேரிங்கால் போனது, எட்டு பேரிங் பழுதில் ஆறு இந்த இரண்டில்தான்."

எழுதும்போதுதான் உறைத்தது, ஆறு பம்புக்கும் கேட்க என்னிடம் ஆதாரமே இல்லை. கோரிக்கையே சுருங்கிவிட்டது.

இப்போது 7 ஸ்லைடு. நான் முதலில் காட்டிய ஸ்லைடு இப்படி ஆகியிருக்கிறது. தலைப்பு: "11 நிறுத்தங்களில் 8, பேரிங்கால் வந்தவை". கீழே 11 சதுரங்கள், 8 சிவப்பு, 3 பச்சை. வேறொன்றும் இல்லை. பார்க்க வெறிச்சோடி இருப்பது போல ஒரு பயம். மிச்ச 35 ஸ்லைடையும் அழித்துவிடுவதா?

பழையபலகை:

அழிக்காதீர்கள்! கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வரிசையாக வையுங்கள். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது சீல் கசிவைப் பற்றிக் கேட்டால், ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடும். பாடுபட்டுத் தொகுத்ததெல்லாம் கேள்வி நேரத்தில் உங்களுக்குத் துணையாக நிற்கும். விவாதம் சூடுபிடித்தால் பி (B) விசையைத் தட்டுங்கள், திரை கறுப்பாகும், எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். திரும்பத் தட்டினால் ஸ்லைடு வந்துவிடும்.

பை சார்ட்டை விட்டது நல்லது. கோணத்தையும் பரப்பையும்விட, ஒரே கோட்டில் நிற்கும் நீளத்தை நம் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று 1984-லேயே கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள். 11-ல் 8 போன்ற சின்ன எண்ணுக்கு உங்கள் சதுரங்களே போதும், எண்ணிக்கூடப் பார்த்துவிடலாம்.

வெறிச்சோடி இருக்கிறது என்ற பயத்தில் எதையும் போட்டு நிரப்பாதீர்கள். 20 நிமிடம் கொடுத்திருந்தால் 15-க்குத் திட்டமிடுங்கள். கேள்வி நடுவிலேயே வரும்.

எழுத்துக்கூடு:

சிவப்பு பச்சை மட்டும் வேண்டாம். ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவருக்கு நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பதாகச் சொல்வார்கள், பெரும்பாலும் இந்த இரண்டு நிறத்தில்தான். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு 11-ம் ஒன்றுபோலத் தெரியலாம். எட்டை அடர்நீலமாகவும் மூன்றை வெளிர்சாம்பலாகவும் வைத்து, சதுரக்கூட்டத்தின் பக்கத்திலேயே "பேரிங்", "மற்றவை" என்று எழுதிவிடுங்கள். ஸ்லைடைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்து வித்தியாசம் தெரிந்தால் சரி.

கரைமேகம்:

நேற்று பேசி முடித்தேன்.

காலையில் அரை மணி முன்னதாகப் போனேன். புரொஜெக்டர் மங்கல், ஜன்னல் வெளிச்சம் வேறு. வெளிர்சாம்பல் சதுரங்கள் சுத்தமாகக் காணவில்லை, திரையில் எட்டே எட்டு நீலச் சதுரங்கள்தான். அங்கேயே உட்கார்ந்து சாம்பலை இரண்டு படி அடர்த்தியாக்கினேன். முன்னதாகப் போகாவிட்டால் "மற்ற மூன்று எங்கே?" என்று கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது ஸ்லைடில் கோரிக்கை வந்ததுமே குழுத் தலைவர் குறுக்கிட்டு, "ஏன் இரண்டு பம்பு மட்டும்? மற்றவை சரியாக இருக்கின்றனவா?" என்றார். பழைய வரிசையில் அதற்குப் பதில் 23-வது ஸ்லைடில் இருந்திருக்கும், நான் திணறியிருப்பேன். துண்டுத்தாளைப் பார்த்து 19 தட்டி என்டர் அழுத்தினேன். பம்பு வாரியான பட்டியல் வந்தது. அதன் மேலேயே ஐந்து நிமிடம் பேசினார்கள், நான் வாயே திறக்கவில்லை. பிறகு 3-க்குத் திரும்பினேன்.

பேச்சின்போது திரையைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் ரொம்பக் கடினமாக இருந்தது. லேப்டாப்பை எனக்கு முன்னால் தாழ்வாக வைத்துக்கொண்டதால் சமாளித்தேன். வெண்சுவடு, உங்களை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பம்புகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆறு மாத அளவீடுகளோடு திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். முன்கூட்டியே அனுப்பிய இரண்டு பக்கத் தாளை நான்கு பேர் அச்செடுத்து, கோடு போட்டு எடுத்து வந்திருந்தார்கள். அதை இங்கே இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை அதிர்வு வரைபடங்களைக் காட்ட வேண்டியிருக்கும், அது இன்னும் சிக்கல்.

வெண்சுவடு:

படித்தேன். முதல் பத்தியிலேயே கோரிக்கை இருக்கிறது, நன்றி. இரண்டாம் பக்க வரைபடத்தில் நிமிர்ந்த அச்சில் எண்கள் மட்டும் இருக்கின்றன, அது மணி நேரமா நிறுத்தங்களின் எண்ணிக்கையா என்று எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து அதிர்வு வரைபடம் போடும்போது அலகை அச்சின் தலையிலேயே, படுக்கைவாட்டில் எழுதிவிடுங்கள். நட்டுக்குத்தலாக எழுதினால் தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.